வெள்ளைக் கொக்கிக் கோடுகள்

என் தம்பி ஜேபஸ் ஸ்கோர்ஃபீல்ட் பதினோரு வருடம் ஒரே கப்பலில் வேலை பார்த்தான். அந்தப் பதினோரு வருடத்தில் அந்தக் கப்பல் ஒரு மைல்கூட நகரவில்லை. இதைச் சொன்னால் எங்கள் நெய்லாந்தில் இன்றைக்கும் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உலகத்திலேயே பெரிய கப்பலைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டவன் எங்கள் ஊரில் ஒருவன்தான். அவன் என் தம்பி.

கப்பலின் பெயர் கிரேட் ஈஸ்டர்ன். நீளம் அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடி. ஆறு பாய்மரம், ஐந்து புகைபோக்கி, இரண்டு பக்கமும் எங்கள் தேவாலயத்தைவிட உயரமான துடுப்புச் சக்கரங்கள். புருனெல் என்ற பொறியாளர் கட்டியது. எங்கள் ஊருக்கு ரயிலைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தப் பாதைக்கு மண் வெட்ட வந்தவர் எங்கள் அப்பா. பாதை கடற்கழியின் கரையில் வந்து முடிந்தது. அப்பாவும் அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் அந்த அகல ரயில் பாதையைக் குறுக்கினபோது பிடுங்கிப் போட்ட தண்டவாளத் துண்டுகள்தான் எங்கள் வீட்டு வேலிக் கால்கள். மொத்தம் இருபத்தாறு. அம்மா ஜேபஸைப் பெற்ற மறு வருடம் போய்விட்டாள். நான் அவனைவிட ஆறு வயது மூத்தவள். வளர்த்தது நான்.

அட்லாண்டிக்கின் அடியில் தந்திக் கம்பி போட்டு முடித்த பிறகு அந்தக் கப்பலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதைக் கொண்டுவந்து எங்கள் கழியில் கட்டி, காவலுக்கு நான்கு பேரை வைத்தார்கள். மூன்று வருடத்தில் ஒருவன் கனடா போனான். ஒருவன் கல்யாணம் செய்துகொண்டான். இன்னொருவன், தனக்கு அங்கே தன் காலடி ஓசையே பயமாக இருக்கிறது என்று இறங்கி வந்துவிட்டான். ஜேபஸ் மட்டும் மிஞ்சினான். சொந்தக்காரர்கள் வேறு ஆள் போடவில்லை. அவர்களிடமிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்தது. கடலுக்குப் போகும் நிலையில் கப்பலை வைத்திரு; ஓட்டுவதற்கு வாங்க ஆள் கிடைத்தால் நீயும் அதில் மாலுமியாகப் போகலாம்; கிடைக்காவிட்டால் பழைய இரும்புக்காரரிடம்தான் போகும் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை ஜேபஸ் மேற்சட்டையின் உள்பையில் வைத்திருந்தான். நான்கு முறை மடிப்புக் கிழிந்து, நான்கு முறையும் நான்தான் பின்னால் துணி ஒட்டிக் கொடுத்தேன்.

கப்பல் ஓடினால் அவனும் ஓடுவான். உடைந்தால் அவனுக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு முப்பது வயதில் இதுதான் நிலைமை. முப்பத்தேழிலும் இதுதான்.

அவன் செய்த வேலை இது. ஒரு கூர்ச்சுத்தியல், ஒரு கம்பித் தூரிகை, ஒரு வாளி சிவப்பு ஈயச் சாயம். கப்பலின் மூக்கிலிருந்து தொடங்கி, துருவைக் கொத்தி எடுத்து, தேய்த்து, சாயம் பூசிக்கொண்டே போவான். தளர்ந்த ஆணிகளை அடித்து இறுக்குவான். ஒழுகும் இடத்தில் அடைப்பான். ஒரு சுற்று முடிய பதினான்கு மாதம். முடித்துவிட்டு மூக்குக்குத் திரும்பினால் அங்கே மறுபடி துரு பிடித்திருக்கும். அவன் மறுபடி தொடங்குவான்.

அந்தக் கப்பலுக்கு வெளியே ஒரு உடம்பு, உள்ளே ஒரு உடம்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு இடைவெளி. அதற்குள்ளும் மெழுகுவர்த்தியோடு போய்த் துரு எடுப்பான். ஒரே ஒரு முறை நானும் உள்ளே போனேன். பத்தடி தாண்டவில்லை, திரும்பிவிட்டேன்.

"என்னடா இது, சவப்பெட்டி மாதிரி இருக்கு!"

"இந்தப் பக்கம் காதை வைக்கா. தண்ணி சத்தம் கேக்குதா? இப்ப அந்தப் பக்கம் வை."

வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் பக்கம் நாலாயிரம் பேர் இருக்க வேண்டிய இடம்," என்றான்.

எனக்கு ரயில் ஹோட்டலின் துணிகளை வெளுக்கும் வேலை. வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொடி கட்டி விரிப்புகளைக் காயப்போடுவேன். அங்கிருந்து கப்பல் முழுதும் தெரியும். மேல்தளத்தில் ஜேபஸ் ஒரு புள்ளி. காற்று இந்தப் பக்கம் வீசினால் அவன் சுத்தியல் கேட்கும். கேட்காவிட்டால் நான் வேலையை விட்டு நிமிர்ந்து பார்ப்பேன். அவனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தவன், "செவ்வாய்க்கிழமை நாப்பத்தொண்ணு விரிப்பு. வியாழக்கிழமை பதினாறுதான். ஹோட்டல்ல ஆள் இல்லையாக்கா?" என்றான். எண்ணிக்கை சரியாக இருந்தது.

வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவன் கரைக்கு வருவான். லீக் வெங்காயத்தாளும் உப்புப் பன்றிக்கறியும் போட்டுச் சூப் வைப்பேன். படகுத்துறையிலேயே பரிசல்காரர் பிரின் கப்பலைச் சொல்லி அவனைப் பிடித்துக்கொள்வார்.

"என்ன மாப்ளே, பொண்டாட்டி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா, மாமா."

"எவ்வளவுதான் பவுடர் பூசுவே? கிழவி ஆயிட்டாடா. ஒரு நாளாவது உன்னை எங்கயாவது கூட்டிட்டுப் போனாளா?"

"உங்க பொண்டாட்டி உங்களை எங்க கூட்டிட்டுப் போனாங்க? இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்தானே போயிட்டிருக்கீங்க."

துறையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். ஜேபஸும் சிரிப்பான். வீட்டுக்கு வந்த பிறகு அரைமணி நேரம் பேச மாட்டான். ஆறு நாள் யாரோடும் பேசாதவனுக்குப் பேச்சு உடனே வருவதில்லை.

சாப்பிட்டானதும் நோட்டுப் புத்தகத்தை எடுப்பான். சொந்தக்காரர்கள் கேட்டிருந்தபடி, கப்பலில் கண்ட ஒவ்வொரு குறையையும் அதில் பென்சிலால் கிறுக்கியிருப்பான்: எந்தத் தகடு, எத்தனை ஆணி, எவ்வளவு துரு. சாயமும் தண்ணீரும் பட்ட அந்தக் கிறுக்கலைத் துரைமார்களுக்கு எப்படிக் காட்டுவது? நான் ஒரு பெரிய கணக்குப் புத்தகம் வாங்கி, வாராவாரம் மையில் நகல் எடுத்தேன். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்து வருடம்தான். ஆனால் என் கையெழுத்தை வாத்தியார் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். ஒரு அடித்தல், ஒரு மைக்கறை இல்லாமல் பத்து வருடம் எழுதினேன்.

அவன் நோட்டில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சாய்ந்த கோடு இருக்கும். கீழ்நுனியில் சின்னதாக ஒரு கொக்கி. முதல் வருடத்திலேயே கேட்டேன்.

"இது என்னடா, வரிக்கு வரி கிறுக்கி வச்சிருக்கே?"

"அதுவா? சரி பண்ணிட்டேன்னா போடுவேன். அது எனக்குக்கா. நீ விடு."

"சரி பண்ணினதையும் எழுத வேண்டாமாடா?"

"சரி பண்றதுக்குத்தானே என்னை வச்சிருக்காங்க. அதைப் போய் யாராவது எழுதுவாங்களா? புதன்கிழமைக் கூட்டத்துல எழுந்து நின்னு, நான் இந்த வாரம் இன்ன இன்ன நல்லது செஞ்சேன்னு சொல்லுவியா?"

சொல்ல மாட்டேன். எங்கள் தேவாலயத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். புதன் மாலைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து அந்த வாரம் தான் தவறின இடத்தைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அதைத் திருத்திக்கொண்டோமா என்பது நமக்கும் மேலே இருப்பவருக்கும் உள்ள விஷயம். ஒரு தடவை நில அளவைக்காரர் ஒருவர் தான் கோபத்தை அடக்கின கதையைச் சொல்லத் தொடங்கினார். கடைசி பெஞ்சுவரை இருமல் கேட்டது. பிறகு அவர் வேறு தேவாலயத்துக்குப் போய்விட்டார். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். தம்பி சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. கோடுகளை விட்டுவிட்டு எழுதினேன். பக்கமும் சுத்தமாக இருந்தது.

1885-ஆம் வருடம் அக்டோபர் மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, கிரிம்ஷா என்று ஒரு பரிசோதகர் வந்தார். கப்பலை வாங்கி ஆஸ்திரேலியாவுக்குச் சரக்கு ஓட்ட நினைத்த சிலர் அவரை அனுப்பியிருந்தார்கள். முந்தின நாளே ஜேபஸ் வந்து முடி வெட்டிக்கொண்டான்; அந்த வாரத்து வரிகளை அன்றிரவே நகல் எடுத்துவிட்டேன். அப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டான். கை கொஞ்சம் குட்டை. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

கிரிம்ஷா பருத்த மனிதர். மேல்தளத்தில் நடந்தார், இயந்திர அறையை எட்டிப் பார்த்தார், இரண்டு உடம்புக்கும் நடுவில் இருந்த ஓட்டைக்கு முன்னால் நின்று தன் வயிற்றைத் தட்டிக்கொண்டாராம். "இதுக்குள்ள என் கால்தான் போகும். எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கியாமே, அதைக் காட்டு போதும்," என்றாராம்.

மாலை நான்கு மணிக்கு ஹோட்டலின் பின்னறையில் உட்கார்ந்து பார்த்தார். புத்தகத்தைக் கொண்டுபோனது நான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தேநீர் ஆறிப்போயிற்று.

"இதுல இருக்கறது எல்லாம் உண்மையாப்பா?"

"ஒவ்வொண்ணும் உண்மைங்க ஐயா. நானே கண்ணால பார்த்தது," என்றான் ஜேபஸ்.

"ஆயிரத்துக்கு மேல இருக்கும் போலிருக்கே?"

"ஆயிரத்து நூத்தி அறுபத்தி நாலுங்க ஐயா," என்றேன் நான்.

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார். "இது யார் கையெழுத்து?"

"எங்க அக்காவோடதுங்க."

"அடேயப்பா! என் ஆபீஸ்ல பதினெட்டு பேர் இருக்கான். ஒருத்தனுக்கும் இப்படி வராது. அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா."

என் முகம் சூடாயிற்று. ஹோட்டல் மேலாளர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டதில் எனக்கு இன்னும் சந்தோஷம். ஜேபஸ் கோட்டின் பக்கப் பையில் கை விட்டிருந்தான். ஏதோ ஒன்றைப் பாதி வெளியே எடுத்தான். என்னைப் பார்த்தான். பிறகு கையோடு உள்ளே தள்ளிவிட்டான். புகைக்குழாயை எடுக்கப் போய், துரை முன்னால் வேண்டாம் என்று விட்டுவிட்டான் என நினைத்துக்கொண்டேன்.

கிரிம்ஷா புத்தகத்தைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து அந்த ஆட்கள் விலகிக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஆயிரத்துக்கு மேல் குறை உள்ள கப்பலைக் கடலுக்கு அனுப்ப முடியாது என்று காரணம் சொல்லியிருந்தார்கள். ஜேபஸ் அந்த ஞாயிற்றுக்கிழமை சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தான். "சரி விடுக்கா," என்றான். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சுத்தியல் சத்தம் கேட்டது. நோட்டில் எழுதுவதை மட்டும் கிரிம்ஷா வந்துபோனதிலிருந்தே விட்டுவிட்டான்.

மறு வருடம் கப்பலை வேடிக்கை காட்டுவதற்காக லிவர்பூலுக்குக் கொண்டுபோனார்கள். ஜேபஸும் அதோடு போனான். பதினோரு வருடம் கழித்து ஒரே ஒரு பயணம். அவனிடமிருந்து வந்த கடிதத்தில் நான்கே வரி. முதல் வரி, "கப்பல் நகர்ந்தது அக்கா." கப்பல் திரும்பின பிறகு எங்கள் வீட்டுச் சரிவும் கொடியில் வெள்ளை விரிப்புகளும் தெரிந்ததாகவும், எழுபதுவரை எண்ணினதாகவும், பிறகு பாறை மறைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தான். அன்றைக்கு ஹோட்டல் விரிப்பு நாற்பத்தெட்டுதான். வீட்டில் இருந்த மேசைவிரிப்பு, போர்வை, என் பாவாடை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருந்தேன். மொத்தம் எண்பத்துமூன்று.

அங்கே கப்பலுக்குள் கயிற்றில் தொங்குகிறவர்களும் பாடுகிறவர்களும் வந்தார்களாம். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஏறிப் பார்த்தார்களாம். அவ்வளவு பேருக்கு நடுவில் தனக்குப் பேச ஆள் இல்லை என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். இரண்டு வருடத்தில் அதுவும் அலுத்துப்போய், கடைசியில் இரும்புக்காரர்களே வாங்கினார்கள். மெர்சி ஆற்றின் நியூ ஃபெரி கரையில் ஏற்றி உடைக்கத் தொடங்கினார்கள். உள்ளே வழி தெரிந்தவன் ஜேபஸ் ஒருவன்தான் என்று அவனையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இந்த வழியாகப் போங்கள், இந்தத் தகட்டுக்குப் பின்னால் வெறுமை, இங்கே வெட்டினால் மேலே விழாது என்று காட்டுவது அவன் வேலை. எப்படிச் செய்கிறாய் என்று நான் எழுதிக் கேட்கவில்லை.

1889-ஆம் வருடம் ஆகஸ்டில் ஹோட்டலில் நான்கு நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். வழியில் லாண்டோரில் ரயில் ஆற்றைக் கடந்தது. அங்கேயும் புருனெல் கட்டிய மரப்பாலம் ஒன்று இருந்தது, காடு எழுந்து நிற்பதுபோல. அப்பா அதைப் பற்றி அடிக்கடி சொல்வார். அதைக் கழற்றிவிட்டு இரும்பு போட்டிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பின்னல் வேலையிலிருந்து தலை நிமிரவில்லை.

நியூ ஃபெரியில் தண்ணீர் இறங்கியிருந்தது. கப்பல் சேற்றில் நின்றது. புகைபோக்கிகள் இல்லை, சக்கரங்கள் இல்லை. பக்கத்தில் பெரிய திறப்பு; அதன் வழியாக அக்கரை தெரிந்தது. ஒரு இரும்பு உருண்டையைச் சங்கிலியில் தூக்கி மேலிருந்து போட்டார்கள். விழும்போதெல்லாம் கரை அதிர்ந்தது. ஜேபஸ் எங்கோ உள்ளே இருந்தான். டோரன் என்ற அயர்லாந்துக்கார மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"ஏம்மா, நீங்க ஸ்கோர்ஃபீல்டோட அக்காவா? மூக்கே சொல்லுதே. உங்க தம்பியால எங்களுக்குப் பெரிய நஷ்டம்மா."

"என்ன செஞ்சான்?"

"துரு தின்ன கப்பல், ஆறு மாசத்துல முடிச்சிடலாம்னு வந்தோம். ஏதோ ஆயிரம் குறைன்னு எழுதியே வச்சிருந்தாங்களாம். வந்து பார்த்தா ஒரு ஆணி அசைய மாட்டேங்குது! மொதல் நாள் போட்ட தகடு மாதிரி இருக்கு. எவன்டா இதை இப்படிப் பார்த்துக்கிட்டான்னு திட்டிக்கிட்டே இருந்தோம். உங்க தம்பி பக்கத்துலயே நின்னு, 'தெரியலையே'ன்னான்." டோரன் விழுந்து விழுந்து சிரித்தார். "பாவி மனுஷன், ஒரு மாசம் வாயே திறக்கலை!"

உடைத்த தகடுகளை மணலில் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் அவற்றின் நடுவில் நடந்தேன். உட்புறம் சிவப்புச் சாயம் மங்காமல் இருந்தது. ஒரு தகட்டின் மூலையில் வெள்ளைச் சாயத்தில் சாய்ந்த ஒரு கோடு. கீழ்நுனியில் கொக்கி. அடுத்த தகட்டில் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு. நான் எண்ணத் தொடங்கினேன்; அறுபத்து மூன்றோடு நிறுத்திவிட்டேன். அப்போதுதான் ஹோட்டல் பின்னறை நினைவுக்கு வந்தது, அவன் கோட்டுப்பையில் இருந்து பாதி வெளியே வந்ததும். அது புகைக்குழாய் இல்லை. நோட்டுப் புத்தகம்.

ஜேபஸ் சேற்றைத் தாண்டி வந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. நான் தகட்டைக் காட்டினேன்.

"அன்னிக்கு நோட்டை ஏன்டா காட்டலை?"

அவன் தொப்பியை எடுத்து உள்ளே பார்த்தான். "நானே எடுத்து, இதெல்லாம் நான் செஞ்சேன்னு எப்படிக்கா காட்டறது?"

"அது மட்டுமாடா?"

"...அவர் உன் எழுத்தைப் பத்திச் சொல்லிட்டிருந்தார். நோட்டை எடுத்திருந்தா, அக்கா எழுதினதுல பாதி விட்டுப்போச்சுன்னு ஆயிருக்கும். மேனேஜர் வேற நின்னுட்டிருந்தார்."

"போடா முட்டாள்! என் எழுத்தா பெரிசு? காட்டியிருந்தா கப்பல் ஓடியிருக்குமேடா!"

"ஓடியிருக்கலாம். ஓடாமலும் இருந்திருக்கலாம். சாப்பிட்டியாக்கா?"

உருண்டை மறுபடி விழுந்தது. தகடு உடையவில்லை. ஆட்கள் சங்கிலியைச் சுற்றத் தொடங்கினார்கள். நாங்கள் கரையோரம் உட்கார்ந்து நான் கொண்டுபோன ரொட்டியைத் தின்றோம். அவன் கப்பலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

வேலை முடிந்து அவன் நெய்லாந்துக்கே வந்துவிட்டான். ரயில் நிலையத்தில் விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றும் வேலை கிடைத்தது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில்தான் இருந்தான். ஆனாலும் சாப்பாட்டுக்கு முன் அரைமணி நேரம் பேசாமல் இருக்கும் பழக்கம் போகவில்லை. சில காலைகளில் வேலிக்கருகே நின்று கழியைப் பார்ப்பான். கப்பல் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. பரிசல்காரர் பிரின் அதன் பிறகு அவனைக் கேலி செய்யவில்லை. கேலி செய்தாலாவது தேவலை என்று எனக்குத் தோன்றும்.

1904 மார்ச்சில், நெஞ்சில் சளி கட்டி, பதினோரு நாள் படுத்திருந்து ஜேபஸ் போய்விட்டான். அவன் பெட்டியில் எட்டு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. நான் அதே அளவில் ஒரு பெரிய கணக்குப் புத்தகம் வாங்கினேன். முதல் வரியிலிருந்து மறுபடி நகல் எடுத்தேன், இந்த முறை ஓரத்துக் கோடுகளோடு, கொக்கி உட்பட. கண் முன்போல இல்லை. இரண்டு வருடம் ஆயிற்று. சென்ற வாரம் முடித்தேன்.

குறைகள் ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு. கோடுகள் ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். கோடு இல்லாத வரி ஒன்றுதான்: "பெரிய கூடத்தில், இடப்பக்கம் மூன்றாவது கண்ணாடி, கீழ்மூலையில் விரிசல்." தேதி, கிரிம்ஷா வருவதற்கு முந்தின நாள். அதை அப்படியே விட்டிருக்கிறேன். அவன் செய்யாததற்கு நான் கோடு போடக்கூடாது.